கல்யாண வீடியோ யார் கைக்குப் போகிறது?

இணையத்தில் சொந்த விவரங்களைக் காப்பது என்றால் ஓ.டி.பி.யைச் சொல்லாதே, வங்கி எண்ணைக் கொடுக்காதே என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். தஞ்சைப் பக்கம் சாதி மறுத்து மணப்பவர்களுக்குப் பணம் போவதெல்லாம் இரண்டாவது கவலை.

2023 டிசம்பர் கடைசியில் பட்டுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த இருவர் திருப்பூரில் மணந்துகொண்டார்கள். மணமகன் தலித், மணமகள் ஆதிக்கச் சாதி. தாலி கட்டும் வீடியோ வாட்ஸ்அப் வழியே ஊருக்கு வந்து சேர்ந்தது. தேடி வந்த தந்தையுடன் பல்லடம் காவல்துறை அந்தப் பெண்ணை அனுப்பி வைத்தது. ஜனவரி முதல் வாரத்திலேயே அவர் கொல்லப்பட்டார். பெற்றோர் கைதானார்கள், காவல் ஆய்வாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

ஊரறியச் செய்வது சுயமரியாதைத் திருமணத்தின் பெருமை. நானும் மைக் பிடித்து வாழ்த்தியவன்தான். ஆனால் குடும்ப எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சும் இணையர் ஊரைக் கூட்டத் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஆகவே தோழர்களே, மணமக்களைக் கேட்காமல் படம் போடாதீர்கள். மாலைக்குப் பின்னால் தெரியும் கம்பெனி போர்டு போதும், இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர்க் குழுவில் யாராவது ஒருவர் சாதிச் சங்கக் குழுவிலும் இருப்பார்.

"அவர்கள் ஏன் வீடியோ எடுத்தார்கள்?" என்று கேட்பவர்களோடு எனக்கு ஒட்டாது. எல்லோரும்தானே கல்யாண ரீல்ஸ் போடுகிறார்கள்! முகவரியை மறைத்தாலும் காவல் நிலையமே ஆளை ஒப்படைத்தால் என்ன செய்வது? மாவட்டந்தோறும் தனிப்பிரிவும் 24 மணி நேர உதவி எண்ணும் வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தஞ்சைக்கான எண்ணை எஸ்.பி. அலுவலகத்தில் கேட்டு வாங்கி எல்லாக் குழுக்களிலும் பரப்புங்கள்.