பாக்கி: இருபக்கமும் செல்லும் சொல்

நம் கடைகளில் நாள் முழுதும் புழங்கும் சொல் 'பாக்கி'. இது அரபுச் சொல். மிஞ்சி நிற்பது என்று பொருள். என்றும் நிலைத்திருப்பது என்றும் பொருள் உண்டு. 'அப்துல் பாக்கி' என்ற பெயருக்கு, என்றும் நிலைத்திருக்கும் இறைவனின் அடியார் என்பதே அர்த்தம். மொகலாயர், நவாபுகள் காலத்தில் பாரசீகம் அரசாங்கக் கணக்கு மொழியாக இருந்தது. வசூல், ஜப்தி, ரசீது, பாக்கி எல்லாம் அந்த வழியாக நம் ஏட்டில் ஏறியவை.

இச்சொல் போகாத கடைவீதி குறைவு. துருக்கியில் கணக்கின் இருப்புத் தொகை 'பாக்கியே'. வங்காளத்தில் 'பாக்கி' என்றால் கடனுக்கு வாங்குவது. மலேசியாவில் கடைக்காரர் திருப்பித் தரும் மீதிப் பணம் 'பாக்கி'. தமிழிலோ இரண்டும் உண்டு: வாடிக்கையாளர் நமக்குத் தரவேண்டியதும் பாக்கி, நாம் அவருக்குத் தரவேண்டிய சில்லறையும் பாக்கி.

இங்கேதான் நம்மவர்கள் சிந்திக்க வேண்டும். நமக்கு வரவேண்டிய பாக்கியை மறக்காமல் எழுதுகிறோம். நாம் தரவேண்டிய இரண்டு ரூபாய்க்கு மிட்டாயை நீட்டுகிறோம். அந்த மிட்டாயைக் கொடுத்து அவர் கடனை அடைத்தால் நாம் வாங்கிக்கொள்வோமா? சில்லறை இல்லையென்றால் அதையும் அவர் பெயரில் வரவு வைப்பதே முறை.

இன்னொன்று. அரபியில் பாக்கி என்றும் நிலைக்கலாம்; சட்டத்தில் நிலைக்காது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கெடு பேசாமல் கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்தான். அதற்குள் வழக்குப் போடாவிட்டால் கோர்ட்டில் வசூலிக்க வழியில்லை. ஆனால் அந்தக் கெடு முடியுமுன் வாங்கியவர், 'இவ்வளவு தரவேண்டியுள்ளது' என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து மறுபடி மூன்று ஆண்டுகள் கிடைக்கும்.

'தெரிந்தவராயிற்றே, எப்படிக் கையெழுத்துக் கேட்பது?' என்று கூச்சப்படுவோர் பலர். வருடம் ஒருமுறை புதுக்கணக்கு போடும்போது பாக்கிச் சிட்டையைக் காட்டிக் கையெழுத்து வாங்குவதை எல்லோரிடமும் வழக்கமாக வைத்துக்கொண்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. அதே சிட்டையில் நாம் அவருக்குத் தரவேண்டிய சில்லறையும் கழிக்கப்பட்டிருந்தால், மறுபேச்சில்லாமல் பேனாவை எடுப்பார்.