விதி அல்ல, வேகம்!

சாலையிலே ஒருவன் அடிபட்டு மாண்டால், “அவன் விதி முடிந்தது” என்கிறார்கள். அதே இடத்திலே இன்னொருவன் மாண்டால், “அந்த வளைவு காவு கேட்கிறது” என்கிறார்கள். பூசணிக்காய் உடைக்கிறார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவுகிறார்கள். மறுநாள் லாரி வருகிறது; அதே வேகத்திலே வருகிறது! எலுமிச்சையைக் கண்டு அது அஞ்சியதும் இல்லை. பூசணியைக் கண்டு பதுங்கியதும் இல்லை. உடைந்த பூசணிக்காயிலே சக்கரம் ஏறி வழுக்கி விழுகிறவன், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிற ஏழைதான்!

விதியின் தலையிலே பழியைப் போட்டுவிட்டால், வீதியைத் திருத்தும் வேலை மிச்சம். அதனால்தான் விதி என்ற சொல்லுக்கு இந்த நாட்டிலே இவ்வளவு மதிப்பு! நாம் சொல்லுகிறோம்: கொல்லுவது விதி அல்ல, வேகம். அந்த வேகத்துக்கு வழி செய்து கொடுத்தது, சாலையை அமைத்த மனிதன். மனிதன் ஆக்கியதை மனிதன் மாற்றலாம். இதை வள்ளியூர் மக்கள் முன்னே வைக்கவே இன்று எழுதுகிறோம்.

வள்ளியூரின் இருப்பிடத்தைப் பாருங்கள். ஸ்ரீநகரிலே புறப்படும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கன்னியாகுமரியை எட்டுவதற்குச் சற்று முன்னே இந்த ஊரின் ஓரமாகப் போகிறது. ஒரு காலத்தில் ஊருக்குள்ளே புகுந்து போன பெரும்பாதை, நான்குவழிச் சாலையானதும் புறவழியாக வெளியே போயிற்று. போனது நல்லதே. ஆனால், ஊருக்குள் வராமல் புறவழியிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் பேருந்துகளைப் பற்றி வள்ளியூரார் பலகாலமாக முறையிட்டு வருகிறார்கள். இருட்டிலே, இடுப்பிலே பிள்ளையும் கையிலே பையுமாக இறங்குகிற தாய், சீறிவரும் வண்டிகளுக்கிடையே கடந்துதான் வீடு போய்ச் சேரவேண்டும்!

ஊருக்குள்ளேயோ, இராதாபுரம், கூடங்குளம், திசையன்விளை, ஏர்வாடி என்று நாலாபுறமும் பிரியும் பாதைகள். கல்லேற்றிய டிப்பர் லாரி போகும் பாதையிலேதான் பள்ளிப் பிள்ளையும் போகிறது. கீரைக்கட்டோடு கிழவியும் போகிறாள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே சீறிவரும் காற்றைப் பிடித்து, காற்றாலை நட்டு, மின்சாரம் எடுத்த வட்டாரம் இது. காற்றை வேலை வாங்கியவர்களுக்கு லாரியை அடக்கத் தெரியாதா? தெரியும். அதற்கு வேண்டியது மந்திரம் அல்ல, கணக்கு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, ஒரு நொடியிலே ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே வரும் குழந்தையைக் கண்ணால் கண்டு, காலால் பிரேக்கை மிதிக்க ஒரு நொடியாவது ஆகும். அதற்குள் மூன்று நான்கு வீட்டு வாசல்களை வண்டி தாண்டிவிடுகிறது! 30 கிலோமீட்டரில் வந்தால் அதிலே பாதி தூரந்தான். இன்னொன்றும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், மோதுகிற சக்தி நான்கு மடங்காகும். சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால், உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

2022-ஆம் ஆண்டிலே இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களிலே நூற்றுக்கு 71 பேரைக் கொன்றது மிகைவேகம் என்று ஒன்றிய அரசின் அறிக்கையே கூறிற்று. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு 49 சாவு! காலையிலே டிபன் தூக்கிக்கொண்டு போனவர்கள், மாலையிலே துணியால் மூடப்பட்டுத் திரும்பியவர்கள்!

அடிபட்டவரைக் காக்க, 2021 டிசம்பர் 18-இல் மேல்மருவத்தூரிலே ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கியது கழக அரசு. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த ஊரான், எந்த மாநிலத்தான் என்ற கேள்வியே இல்லை என்றது. பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். ஆனால், விழுந்தவனைத் தூக்குவது அறம் என்றால், விழாமல் தடுப்பது அதனினும் பெரிய அறம் அல்லவா?

தடுக்கத் தெருவார் முயலாமல் இல்லை. ஒரு சாவு விழுந்ததும் மறியல் செய்கிறார்கள். தாசில்தார் வருகிறார், இன்ஸ்பெக்டர் வருகிறார், “ஆவன செய்வோம்” என்கிறார்கள், கூட்டம் கலைகிறது, ஆவது ஒன்றும் இல்லை. பொறுமை இழந்த இளைஞர்கள் இரவோடிரவாகக் கல்லும் மண்ணும் கொட்டி ஒரு மேடு போடுகிறார்கள். அவர்கள் ஆத்திரம் நியாயம். அந்த மேடு நியாயம் அல்ல. வெள்ளைக் கோடு இல்லை, விளக்கு இல்லை, முன்கூட்டிச் சொல்லும் பலகை இல்லை. லாரிக்கு அது ஒரு குலுக்கல். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வருகிற தொழிலாளிக்கோ அதுவே படுகுழி!

மேட்டுக்கும் இலக்கணம் உண்டு, தம்பி! 25 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கடந்துபோக, 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமுமாக வளைந்த மேடு வேண்டும் என்று, 1988-லேயே அளவு எழுதிவைத்தது இந்தியச் சாலைப் பேராயம். அந்த அளவிலே போட்டால் வேகம் அடங்கும், ஆளும் விழமாட்டான். தேசிய நெடுஞ்சாலையிலோ மேடே கூடாது என்று 2016-இல் ஒன்றிய அரசு உத்தரவிட்டது. ஆகவே, அங்கே கேட்கவேண்டியது மேடு அல்ல. மக்கள் கடக்கும் இடத்திலே விளக்கும், சுரங்கப்பாதையும், பேருந்து நிற்க ஒதுக்கிய இடமும்.

“கேட்டால் கிடைத்துவிடுமா?” என்று உதட்டைப் பிதுக்குவோருக்கு நெதர்லாந்து நாட்டைக் காட்டுகிறோம். இன்று சைக்கிளுக்குப் பெயர்போன அந்தச் சிறுநாட்டிலே, 1971-ஆம் ஆண்டு சாலைகளில் மாண்டவர் மூவாயிரத்துக்கு மேல். அவர்களில் நானூறுக்கு மேல் குழந்தைகள்! மகளைச் சாலையிலே பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர், 1972-இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற தலைப்பிலே எழுதினார். அந்தத் தலைப்பே இயக்கத்தின் பெயராயிற்று. தாய்மார்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆம்ஸ்டர்டாமிலே சிறுவர்களே சாலையை மறித்து, விளையாட இடம் கேட்டார்கள். 1976-இல், குடியிருப்புத் தெருக்களிலே மோட்டார் வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகவேண்டும் என்ற ஏற்பாட்டுக்குச் சட்ட அங்கீகாரமே வந்தது. எந்தத் தேவன் இறங்கிவந்து செய்தான் இதை? தெருவார் செய்தார்கள்!

அவர்களுக்கு முடிந்தது நமக்கும் முடியும்; நம் கையிலும் கருவி உண்டு. சென்னையிலே 2023 நவம்பரில், குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 கிலோமீட்டர் என்று வேகவரம்பு கட்டினார்கள். சென்னைப் பிள்ளைக்கு ஓர் எலும்பு, வள்ளியூர்ப் பிள்ளைக்கு வேறோர் எலும்பா? சாலையைத் தரப்படி அமைக்காமல் உயிர்போகக் காரணமானால், அமைத்த ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான அதிகாரத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு சொல்லுகிறது. ஓட்டுநர் ஒருவரையே குற்றவாளியாக்கிய காலம் சட்டப் புத்தகத்திலாவது போய்விட்டது!

ஆகவே, வள்ளியூர்த் தோழர்களே, தாய்மார்களே, மறியலுக்கு முன்னே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலே 50 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். ஓரமாக நின்று, கைப்பேசிக் கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். ஒரு வண்டி அந்தத் தூரத்தை 6 நொடியில் கடந்தால் 30 கிலோமீட்டர் வேகம். 3 நொடியில் கடந்தால் 60! பள்ளி தொடங்கும் நேரத்திலே ஒருவாரம் குறித்துவையுங்கள். யார், எங்கே, எந்த நேரத்தில் அடிபட்டார் என்றும் எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தோடு உள்ளாட்சி மன்றத்துக்குப் போங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலே ஆட்சித்தலைவரிடம் போங்கள். தெரு உள்ளாட்சியினுடையது, பெரிய பாதை மாநில நெடுஞ்சாலைத் துறையினுடையது, புறவழி தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தினுடையது என்று மனுவைப் பந்தாட இடங்கொடாமல், மூவருக்கும் தனித்தனியே கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூச்சலை அலட்சியம் செய்வார்கள். கணக்கை அலட்சியம் செய்வது கடினம்.

நம் தோழர்களுக்கும் ஒரு சொல். ஊர்வலத்திலே கொடி கட்டிப் பறக்கிற மோட்டார் சைக்கிள், பிள்ளைகள் நிற்கும் தெருவிலே 60-இல் போனால், கொடி யாருடையதானாலும் குற்றம் குற்றமே. ஊரைத் திருத்தப் புறப்பட்டவன், முதலில் தன் வண்டியின் வேகத்தைக் குறைக்கட்டும்.

அதிகாரிகளுக்குச் சொல்லுகிறோம்: பள்ளிக்கூட வாசல்களிலே 30 கிலோமீட்டர் வரம்பு, அளவான மேடு, பளிச்சென்ற கோடு, எரிகின்ற விளக்கு. இவற்றைக் கேட்கிறோம். கோடிகள் கேட்கவில்லை. அடுத்த சாவு விழுந்தபிறகு போடப்போகிற மேட்டை, அந்தச் சாவு விழுமுன்னே போடுங்கள் என்றே கேட்கிறோம்!