பறவைநாகம் தினந்தோறும் வரலாமா?



மதிய உணவு முடிந்ததும் வேப்பமரத்தடியில் நாங்கள் ஐவர் தலையோடு தலை சேர்த்து உட்கார்ந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பாடம் படிக்கிறோம் என்று நினைத்தவர்கள் எங்களை மன்னிக்க வேண்டும். நாங்கள் ஆடுவது ஒரு கதை விளையாட்டு. ஒருத்தி கதை சொல்லுவாள். மற்றவர்கள் வீராங்கனையாக, வைத்தியச்சியாக, வில்லாளியாக, வழிகாட்டியாக மாறி அக்கதைக்குள் நடப்போம். வேலூர்க் கோட்டை, பாலாறு, ஏலகிரி, சவ்வாது மலை இவையே எங்கள் நாடு.

இவ்வகை விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதை அமைத்தார்கள். எங்களிடம் அந்தப் புத்தகமும் இல்லை, இருபது முகப் பகடையும் இல்லை. ஒருத்தியின் அண்ணன் சொல்லிக் கொடுத்த விதிகளும், ஜியாமெட்ரி பாக்ஸில் 1 முதல் 100 வரை எழுதிப் போட்ட சீட்டுகளும்தாம் எங்கள் சொத்து.

அரையாண்டுத் தேர்வுக்குப் பின் எங்களுக்குள் சண்டை வந்தது. காரணம் டிராகன், அதாவது பறவைநாகம். முதல் நாள் அது கோட்டை மதில்மேல் வந்து இறங்கியபோது கையிலிருந்த சோற்றை மறந்தோம். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. நான்காம் நாள் வில்லாளி கொட்டாவி விட்டுக்கொண்டே அம்பு எய்தாள். ஐந்தாம் நாள் வைத்தியச்சி அதன் நெருப்பில் மாண்டாள். அந்த வேடம் பூண்ட தோழி, "தெருநாய் போல வருகிற ஒன்றிடமா நான் சாக வேண்டும்?" என்று எழுந்து போனவள், இன்றுவரை வரவில்லை.

அவள் கேட்டது நியாயம் என்றே எண்ணுகிறோம். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்களே! பால் புளிக்கும்போது பயம் புளிக்காதா?

அந்த விளையாட்டுக்காக 1977-ல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' என்ற நூல் எதிரிகளை நான்காகப் பிரிக்கிறது. நூற்றுக்கு 65 முறை சாதாரணமானவை, 20 முறை அவ்வளவு சாதாரணமல்லாதவை, 11 முறை அரியவை, 4 முறை மட்டும் மிக அரியவை. சிவப்பு டிராகன் அரியது, பொன் டிராகன் மிக அரியது. பெயரிலேயே டிராகனை வைத்துக்கொண்டவர்களும் அதை அளந்துதான் வெளியே விட்டிருக்கிறார்கள்!

நம் பரமபதப் படத்தைப் பாருங்கள். சின்னப் பாம்புகள் வழியெல்லாம் உண்டு. பெரிய பாம்போ உச்சிக்கு அருகில் காத்திருக்கும். காயை அங்கே நகர்த்தும்போதுதானே நெஞ்சு படபடக்கிறது! வேதாகமத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டிலும் அரக்கப் பாம்பு முதல் அதிகாரத்திலேயே வந்துவிடவில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில்தான் வருகிறது.

"அப்படியானால் நாற்பது நிமிட இடைவேளையில் அதைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போய்விடுவோமே" என்று கதை சொல்லும் தோழி கேட்டாள். அதுவும் நியாயமே. எங்கள் பதில் இது: பறவைநாகம் அரிதாக வரட்டும், அதன் சுவடு அடிக்கடி வரட்டும். கருகிய பனைமரம், வற்றிய கிணறு, ஆடு மேய்க்கப் போகாத சிறுவன் இவையெல்லாம் அது உயிரோடிருப்பதைச் சொல்லும். நாள்தோறும் சண்டையிட வழிப்பறிக் கொள்ளையரும், அகழி முதலைகளும் போதும். கடைசி நாளைச் சீட்டிடம் விடாமல், கதை சொல்பவளே முடிவு செய்யட்டும்.

இது விளையாட்டுக்கு மட்டும்தானா? நம் பாட்டிமார் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்ததாகச் சொல்கிறார்கள். நாமோ ஆற்றோரம் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பேசியபடியே கடந்து போகிறோம். தோல் தொழில்தான் எங்களில் பலருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறது. ஷூ கம்பெனியில் தைக்கும் அம்மாக்களின் பிள்ளைகள் நாங்கள். ஆனாலும் தோல் பதனிடும் கழிவு நீரைத் தினமும் பார்த்துப் பார்த்து அதற்குப் பயப்படவே மறந்தோம். மறக்காத சிலர் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரால் வழக்குத் தொடுத்ததால்தான், 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தினமும் வருகிற பறவைநாகத்தைக் கண்டு கொட்டாவி விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை எங்களுக்கு உணர்த்தியது பாலாறுதான்.

வருகிற பொதுத் தேர்வோடு நாங்கள் ஐவரும் பிரியப் போகிறோம். அதற்குமுன் ஒரே ஒரு முறை பறவைநாகம் வரும் என்று கதை சொல்லும் தோழி வாக்களித்திருக்கிறாள். வைத்தியச்சியின் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறோம். எழுந்து போன தோழியே, நீ வந்தால்தான் ஆட்டம் தொடங்கும்!

பெரிய எதிரி அரிதாகவே வர வேண்டும். வந்தால், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்பதே எங்கள் தாழ்மையான கருத்து.

— பத்தாம் வகுப்பு மாணவியர்