கறை வேறு, அரிப்பு வேறு – மார்பிள் மேடையும் அட்வான்ஸ் பணமும்

டிரான்ஸ்ஃபரில் ராஜஸ்தான், குஜராத் பக்கம் வர்ற நம்மாட்களுக்கு வாடகை வீட்டில் முதலில் பிடிச்சுப் போறது சமையலறைதான். பளபளன்னு வெள்ளை மார்பிள் மேடை! காலி பண்ணும்போது அட்வான்ஸில் கை வைக்கக் காரணமா நிக்கிறதும் அதே மேடைதான். ஜெய்ப்பூருக்கு வந்ததிலிருந்து இந்தப் பஞ்சாயத்தைப் பல வீடுகளில் பார்த்தாச்சு. வீட்டுக்காரங்க சொல்ற காரணம் ஒண்ணேதான்: "மதராசி சமையல். புளியும் மஞ்சளும் கல்லைக் கெடுத்துடுச்சு."

இதுல பாதி உண்மை, பாதி அநியாயம். பிரிச்சுச் சொல்றேன்.

நம்மூர் வீடுகளில் மேடைக்குப் பெரும்பாலும் கிரானைட். புளித்தண்ணி கொட்டினாலும் அது கண்டுக்காது. மார்பிள் அப்படி இல்லீங்க. அது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு வகையறா. இங்கே தரைக்குப் போடுற கோட்டா கல்லும் அதே குடும்பம்தான். எலுமிச்சை, புளி, தக்காளி, தயிர், வினிகர் எது பட்டாலும் மேல்பரப்பு லேசாக் கரைஞ்சு பாலிஷ் போயிடும். கொஞ்சம் சாய்ஞ்சு வெளிச்சத்துல பார்த்தா மங்கலா ஒரு வட்டம் தெரியும். அது கறை இல்லை, அரிப்பு.

காமர்ஸ் படிச்சவன் பாஷையில் சொன்னா, தப்பான தலைப்பில் என்ட்ரி போட்டா கணக்கு நேராகாது. நிறம் மாறியிருந்தா கறை. பளபளப்பு மட்டும் போயிருந்தா அரிப்பு. கறையை எடுக்கலாம். அரிப்பைக் கறை உறிஞ்சும் பொடியால் எடுக்க முடியாது, மறுபடி பாலிஷ் போட்டாத்தான் உண்டு.

கறைக்கு வருவோம். எண்ணெய்க் கறைன்னா சமையல் சோடாவைத் தண்ணி விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாக் குழைச்சு, கால் அங்குல கனத்துக்கு அப்பி, பாலிதீனால் மூடி ஒருநாள் விட்டுடுங்க. அப்புறம் மூடியதை எடுத்துட்டு முழுசாக் காய விடணும். காயும்போதுதான் பொடி எண்ணெயை மேலே இழுக்கும். மரக்கரண்டியால் வழிச்சுத் துடைங்க. பழைய கறைன்னா ரெண்டு மூணு தடவை ஆகும். பொறுமைதான் இங்கே மருந்து.

மஞ்சள் கறைக்கு சோடா வேண்டாம். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தா சிவக்குமே, அதே கதைதான் மேடையிலும் நடக்கும். மஞ்சள், டீ, காபிக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் வெள்ளை டிஷ்யூ பேப்பரை நனைச்சு ஒட்டி, மேலே பாலிதீன். கையுறை அவசியம். வெள்ளைக் கல்லுக்கு மட்டும்தான், கருங்கல் வெளுத்துடலாம். எதையும் முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துடுங்க.

இது ஏதோ பாட்டி வைத்தியம்னு நினைக்காதீங்க. மக்ரானா மார்பிளில் கட்டிய தாஜ்மகாலுக்கே 1994 முதல் பலமுறை இந்தியத் தொல்லியல் துறை முல்தானி மிட்டியைப் பூசி, காய விட்டு, கழுவித்தான் அழுக்கை எடுத்திருக்கு. தேய்ச்சு இல்லை, உறிஞ்ச வெச்சு.

ஆனா வீடுகளில் நடக்கிறது என்ன? காலி பண்ண ரெண்டு நாள் இருக்கும்போது பாத்ரூம் ஆசிட் பாட்டில் வரும். ஊத்தினதும் நுரை பொங்கும், "பார், அழுக்கு எப்படிப் போகுது!"ன்னு சந்தோஷப்படுவாங்க. அழுக்கு இல்லீங்க, கல்லே கரைஞ்சு போகுது. அந்த நெடியை இழுக்கிறது வீட்டம்மாவோ வேலைக்கு வர்ற பெண்ணோதான். பத்தாததுக்கு பிளீச்சும் கலந்துட்டா குளோரின் வாயுவே கிளம்பும். சில ஆயிரம் ரூபாய்க்காக நுரையீரலை அடகு வைக்கணுமா?

அடுத்தது பணம். எண்ணெய்க் கறையையும் மஞ்சள் கறையையும் எடுத்துக் கொடுக்கிறது நம்ம பொறுப்பு, மறுப்பே இல்லை. ஆனா சமையல் பண்ணத்தான் வாடகை கொடுக்கிறோம். ராஜஸ்தானி கடியிலும் தயிர் உண்டு, சட்னியிலும் எலுமிச்சை உண்டு. சமையலறையில் மார்பிள் போட்டா அரிப்பு வரத்தான் செய்யும், யார் சமைச்சாலும். அதுக்குப் பேர் தேய்மானம், சேதம் இல்லை. அதை "மதராசி" தலையில் எழுதிப் பிடிக்கிறது நியாயமே இல்லை.

அதனால, குடிபோகும் அன்னிக்கே மேடையைச் சாய்வா வெளிச்சம் விழுற மாதிரி போட்டோ எடுத்து, இருக்கிற குறைகளை எழுதி வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கிடுங்க. புளிக்கரைசலுக்கும் எலுமிச்சைக்கும் அடியில் ஒரு தட்டு வைங்க. சிந்தினா உடனே துடைங்க. காலி பண்ணும்போது கறையை எடுத்துக் கொடுத்துட்டு, அரிப்புக்கு மட்டும் தலை குனியாம பேசுங்க.

உங்க ஊர்ல எப்படி? அட்வான்ஸ் முழுசாத் திரும்பி வருதா?