நலம் விசாரிக்கச் சென்று நோயைத் தந்து வந்தோம்

சேவூரில் நம் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே கூட்டங்கூட்டமாகச் சென்று நலம் விசாரித்தோம். காய்ச்சலோடு வந்தவரும் அதில் இருந்தார். சில மாதங்கள் கழித்து அச்சகோதரர் ஜுமுஆவுக்கு வராதபோது, “உயிர் கிடைத்தும் ஷுக்ர் இல்லை” என்று பேசியவர்களும் நாமே.

மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை அவ்வுறுப்பு இயங்கும் காலமெல்லாம் உண்ண வேண்டும். நமக்குச் சளியாகப் போவது அவருக்கு நிமோனியாவாகலாம். பலரது உடலில் உறங்கிக் கிடக்கும் சைட்டோமெகலோ வைரஸ் அவரிடம் விழித்தெழலாம்; பிகே வைரஸ் புதிய சிறுநீரகத்தையே கெடுக்கலாம். மாத்திரையைக் குறைத்தால் உறுப்பு போய்விடுமோ என்ற அச்சம். குறைக்காவிட்டால் கிருமி பெருகுமோ என்ற அச்சம். இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு எப்படி உறக்கம் வரும்? போதாக்குறைக்கு, ஸ்டீராய்டு மாத்திரைகளே சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். மனம் உடைந்தவர் மாத்திரையைத் தவறவிடுவார். தவறவிட்டால் பெற்ற உறுப்பையும் இழப்பார்.

இதற்கு நாம் வைத்த பெயர் ஈமான் பலவீனம்! மகனைப் பிரிந்த துயரால் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதை யூஸுஃப் அத்தியாயம் கூறுகிறது. அந்த நபியின் ஈமானில் குறை காண நமக்குத் துணிவுண்டா? கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாவல் தேடி நபி (ஸல்) அவர்கள் கேட்ட துஆவை மதரஸாப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விக்கும் நாமே, அச்சகோதரர் கவலை சொன்னபோது முகம் சுளித்தோம். நோயுற்ற ஒட்டகத்தை நலமான ஒட்டகத்தோடு சேர்க்க வேண்டாம் என்று தடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, அவருடைய முகக்கவசத்தைத் தவக்குல் குறைவு என்று கேலி செய்தோம்.

உறுப்பு ஹலாலா என்று அவர் கட்டிலருகே விவாதித்தது இன்னும் வெட்கக்கேடு. 1988இல் ஜித்தாவில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் அனுமதித்தது. மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உண்டு. அந்த விவாதத்துக்கு உரிய இடம் மதரஸாவே, நோயாளியின் கட்டிலருகு அன்று.

பனியன் கம்பெனிக்கு எப்போது திரும்புவது, ரமலானில் நோன்பு நோற்பதா என்பவற்றை அவருடைய மருத்துவர் சொல்லட்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை அளித்தவன் அல்லாஹ். அதைப் பறிக்க நாம் யார்? நலம் விசாரிப்பது அவருடைய உரிமைதான். தொலைபேசியிலும் விசாரிக்கலாம், வாசலில் நின்றும் விசாரிக்கலாம். மனநல மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்ல இந்த ஜமாஅத்தில் ஒருவர் முன்வர வேண்டும். அதுவரை 14416 என்ற டெலி மானஸ் எண்ணையாவது அவர் வீட்டாரிடம் கொடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.