லோத்தல் கட்டுமானமும் நுண்படிமச் சான்றும்: ஒரு மறுப்பு

குசராத்து மாநிலம் லோத்தலில் எஸ்.ஆர். ராவ் 1955 முதல் நடத்திய அகழாய்வில், ஏறத்தாழ 215 மீட்டர் நீளமுள்ள செங்கற்கட்டுமானம் ஒன்று வெளிப்பட்டது. ராவ் அதனைக் கப்பல்துறை என்றார். லெஷ்னிக் 1968இல் அதனை மறுத்துப் பாசனக் குளம் என்றார். தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் இராஜீவ் நிகம், அங்குள்ள படிவுகளில் ஃபோராமினிஃபெரா கிடைப்பதை 1988இல் எடுத்துக்காட்டிக் கப்பல்துறைக் கருத்துக்கு வலுச் சேர்த்தார். இச்சான்றைக் கண்டும் காணாதார்போல் பழைய வாதத்தையே தொடர்வோர் ஒருபுறம். இதனோடு வழக்கு முடிந்தது என எழுதுவோர் மறுபுறம். இவ்விரு போக்கும் ஆய்வுநெறிக்கு உகந்தன அல்ல.

முதற்போக்கின் குறை வெளிப்படை. சுவரின் அளவும் மதகின் அமைப்பும் எந்நீர் நின்றது என்பதைச் சொல்லா. அதனைச் சொல்லவல்லது அடியிற் படிந்த வண்டலே. ஃபோராமினிஃபெரா பெரும்பாலும் கடலிலும் உவர்நீர்க் கழிகளிலும் வாழும் ஒருசெல் உயிரி; அதன் நுண்ணிய ஓடு வண்டலில் நெடுங்காலம் நிலைக்கும். குளம் என வாதிடுவோர் அதே வண்டலில் நன்னீர் டயாட்டங்களையும் நன்னீர் ஆஸ்ட்ரகோடுகளையும் தேடிக் காட்டுதல் வேண்டும். செங்கல்லை மட்டும் காட்டி வாதிடுதல் போதாது.

இரண்டாம் போக்கின் குறை நுட்பமானது. ஓடு கிடைத்த இடமெல்லாம் கடல்நீர் வந்த இடமாகாது. கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, தார்ப் பாலைவனத்திலும் காற்றால் கொண்டுவரப்பட்ட ஃபோராமினிஃபெரா ஓடுகள் கண்டறியப்பட்டுள்ளன. சௌராட்டிரத்தின் மிலியோலைட்டுச் சுண்ணப்பாறையே இத்தகைய பழைய ஓடுகளைத் தன்னுட்கொண்டது. ஆகவே, ஓடுகள் தேய்ந்துள்ளனவா, ஒரே அளவினவாக உள்ளனவா, எவ்வினங்கள் எவ்விகிதத்தில் உள்ளன, படிவு அடுக்குதோறும் எவ்வாறு மாறுகின்றன என்பன ஆராயப்படல் வேண்டும். அனைத்தினும் முதன்மையாக, கட்டுமானத்திற்கு வெளியேயுள்ள சமகால மண்ணும் ஒப்பிடப்படல் வேண்டும். அங்கும் அதே ஓடுகள் அதே அளவிற் கிடைப்பின், உள்ளே கிடைத்தவை தனிச்சான்றாகா.

ஓதநீர் உட்புகுந்தது உறுதிப்படினும், கலம் புகுந்தது உறுதிப்பட்டதாகாது. நுண்படிமம் நீரின் தன்மையை உரைக்கும். நீர்மேல் வந்ததை உரைக்காது. அதற்கு ஆற்றின் பழைய போக்கும் பிற தொல்பொருள்களும் துணைநிற்றல் வேண்டும். அரப்பர் காலத்தில் சபர்மதி லோத்தலை அடுத்து ஓடியது எனச் செயற்கைக்கோள் படங்களின் துணையால் காந்திநகர் ஐஐடி ஆய்வாளர் 2024இல் வெளியிட்ட முடிவு கப்பல்துறைக் கருத்தை வலுப்படுத்துகிறது. ஆயினும் அதுவும் வேறொரு சான்றாகவே எண்ணப்படுவது. நுண்படிம ஆய்வின் இடத்தை நிரப்புவதன்று.

லோத்தல் வழக்கு தமிழாய்வுக்கு அயலானதன்று. புகாரைக் கடல்கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. பாண்டியர் துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி நிற்கிறது. ஓரிடத்தில் கடல் புகுந்ததையும் மற்றோரிடத்தில் கடல் விலகியதையும் நூற்சான்று கொண்டே முடிவுகட்டும் வழக்கம் இன்னும் மறையவில்லை. இலக்கியம் கேள்வியை எழுப்பும். விடை வண்டலில் உள்ளது. அகழாய்வுக் குழிகளின் மண்ணைச் சலித்து ஆராயாமலே வெளியே கொட்டுவது, படிக்காத ஏட்டை எரிப்பதற்கு ஒப்பாகும். ஏட்டின் அருமை அறிந்த தமிழறிஞர் இதனைப் பொறுத்தல் தகாது.