செவ்வாய்ப்பேட்டை கணக்கு நோட்டுக்கு உங்கள் கம்ப்யூட்டரில் இடம் இருக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஒரு மாதம் கழித்து என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "படம் பார்த்தாச்சு, பையன் கேம் விளையாடறான், கரண்ட் பில் கட்டியாச்சு. வேற என்ன தம்பி செய்யலாம்?" சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் ஆயிற்றே, ஏதாவது புது சாப்ட்வேர் பெயரைச் சொல்வான் என்று எதிர்பார்ப்பார்கள். கேட்பவர் சேலத்துக்காரர் என்றால் என் பதில் வேறு. கடை மாடியிலோ வீட்டுப் பரணிலோ பழைய கணக்கு நோட்டு இருக்கிறதா, பாருங்கள் என்பேன். செவ்வாய்ப்பேட்டைக்காரர் என்றால் இரண்டு முறை சொல்வேன்.

செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற பேட்டை அது. லீ பஜாரில் பருப்பு, மஞ்சள், மளிகை என்று மொத்த வியாபாரம். பக்கத்திலேயே வெல்ல மண்டி. சந்துகளுக்குள் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். சரக்கு வரத்துக்காக ரயில்வேயும் "சேலம் மார்க்கெட்" என்று தனி ஸ்டேஷன் வைத்திருக்கிறது. இங்கே கல்லாவுக்கு முன்னால் பேசும் பாஷையும் பின்னால் பேசும் பாஷையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. தெலுங்கு பேசும் செட்டியார்கள், கன்னடமும் தெலுங்கும் பேசும் தேவாங்கர்கள், பட்டு நெசவோடு வந்த சௌராஷ்டிரர்கள், பிறகு குஜராத்திகள், மார்வாடிகள். வடக்கேயிருந்து வந்தவர் எல்லாரையும் நாம் "சேட்டு" என்று ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். எனக்கு இது பிடிக்காத பழக்கம். யார் எங்கிருந்து, எதற்காக வந்தார் என்ற விவரமெல்லாம் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோகிறது.

வந்தவர்களும் இருந்தவர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் ஜவ்வரிசியே சாட்சி. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசியும் ஸ்டார்ச்சும் வருவது நின்றுபோனது. சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியார் தொழில் விஷயமாகக் கேரளத்துக்குப் போய் வருபவர். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் பழக்கம் அவருக்குக் கிடைத்தது. ஷாவுக்கு மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் முறை தெரியும். செட்டியாருக்குச் சந்தை தெரியும். 1943-ல் சேலத்தில் தொழில் தொடங்கியது. இன்று ஆத்தூரிலிருந்து ராசிபுரம், நாமக்கல் பக்கம் வரை குச்சிக்கிழங்குக் காடும் சேகோ பேக்டரியுமாக இருப்பதன் ஆரம்பம் அங்கேதான். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தக் கதை நமக்குத் தெரிவதற்குக் காரணம், தொழில்காரர்கள் அதை எழுதி வைத்ததுதான். முதல் கொலுசுப் பட்டறைக்கு வெள்ளிக் கட்டியைக் கடனாகக் கொடுத்தது யார்? எந்த ஊர் விவசாயிக்கு எந்த மண்டி முன்பணம் கொடுத்தது? இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இருந்தால் கணக்கு நோட்டில்தான் இருக்கும்.

அந்த நோட்டுகள் இப்போது எடைக்குப் போகின்றன. 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு கணக்கு எல்லாம் டாலிக்கு மாறிவிட்டது. ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருந்தால் போதும் என்பது ஜிஎஸ்டி சட்டம். தாத்தா காலத்து நோட்டை யாரும் கேட்கப் போவதில்லை. மாடியைக் காலி செய்தால் வாடகையாவது வரும் என்று கடைக்காரர் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு வாரம் பொறுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

"போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஆச்சு" என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. பாமினி எழுத்துருவில் டைப் செய்த பைலை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக ஏதோ தெரியும். பைல் பத்திரமாக இருக்கும், படிக்க மட்டும் முடியாது. மார்வாடிக் கடைகளின் பழைய நோட்டும் இப்படித்தான். அதன் மகாஜனி எழுத்தில் உயிர்க்குறிகளை விட்டுவிட்டு எழுதுவார்கள். "காகா அஜ்மேர் போனார்" என்று எழுதிய கடிதத்தை வீட்டில் "காகா இன்று செத்தார்" என்று படித்து அழுதார்கள் என ஒரு பழைய வேடிக்கைக் கதையே உண்டு. அந்த எழுத்துக்கு எழுத்துரு பெரியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் தமிழ் மீடியத்திலும் இங்கிலீஷ் மீடியத்திலும் படித்தவர்கள்.

கம்ப்யூட்டர் தன் பங்கைச் செய்துவிட்டது. யூனிகோடில் சௌராஷ்டிர எழுத்துக்கு 2008-லும், மகாஜனிக்கு 2014-லும் இடம் கிடைத்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம், குஜராத்தி எல்லாம் 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே உண்டு. விண்டோஸுடன் வரும் நிர்மலா எழுத்துரு இந்த நான்கையும் காட்டும். மற்ற இரண்டுக்கும் கூகுளின் நோட்டோ எழுத்துருக்களை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம். கையெழுத்தை ஏஐ படித்துவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். இப்போது நமக்கு வேண்டியது படிக்கத் தெரிந்த ஒரு பெரியவரும் டைப் அடிக்கத் தெரிந்த ஒரு பேரனும்.

எனக்குத் தெரிந்த வெள்ளிக் கடைப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "தம்பி, அதுல ஊர்ல பாதிப் பேர் கடன் இருக்கு" என்று சிரித்தார். நியாயமான பேச்சு. அதனால் எதையும் இன்டர்நெட்டில் போடாதீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

செய்வது சுலபம். ஒற்றைத் தாள் என்றால் ஸ்கேனரில் 300 டிபிஐ வைத்துக் கலரில் எடுங்கள். ஏ4 பக்கம் ஒன்று சுருக்காமல் வைத்தால் சுமார் 26 எம்பி வரும். நல்ல தரமுள்ள ஜேபெக் என்றால் சில எம்பிதான். 400 பக்க நோட்டுக்கு 1 அல்லது 2 ஜிபி போதும். நீளவாட்டில் தைத்த சிவப்புத் துணி நோட்டை ஸ்கேனரில் அமுக்கினால் தையல் விட்டுவிடும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து, நேர் மேலிருந்து மொபைலில் எடுங்கள். பிறகு பெரியவரைப் பக்கம் பக்கமாகப் படிக்கச் சொல்லி மொபைலிலேயே ரெக்கார்டு செய்து, படத்துக்குக் கொடுத்த நம்பரையே ஒலி பைலுக்கும் கொடுங்கள். தமிழில் யூனிகோடில் டைப் செய்வதை நிதானமாகப் பிறகு செய்துகொள்ளலாம். முதலில் குரல்.

பைலுக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் கவனம். ஒரே தெருவில் நாலு வருடப் பிறப்பு உண்டு: குஜராத்திக்குத் தீபாவளிக்கு மறுநாள், தெலுங்கருக்கு யுகாதி, தமிழருக்குச் சித்திரை, வருமான வரிக்கு ஏப்ரல் 1. குஜராத்தி நோட்டில் சம்வத் 2000 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது 1943 தீபாவளியில் தொடங்கிய வருடம். நோட்டில் இருப்பதை அப்படியே உள்ளே குறித்துக்கொண்டு, பைல் பெயரில் ஆங்கில வருடத்தை முதலில் போடுங்கள், 1943-11 என்பது போல. அப்போதுதான் போல்டரைத் திறந்தால் வரிசையாக நிற்கும். முடிந்ததும் இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்து, ஒன்றை நோட்டுக்காரர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள்.